இருபத்தைந்தாவது வருடத்து நிழல்

அக்காவின் சமையலறையில், அடுப்புக்கு மேலே, வரப்போகும் பூங்காவின் படம் ஒட்டியிருந்தது. எண்ணெய் தெறித்துத் தெறித்து அதன் கீழ் ஓரம் பழுப்பேறிப் போயிருந்தது. படத்தில் ஆறு கண்ணாடி மாதிரி ஓடியது. புல்சரிவில் ஒரு குழந்தை சிவப்பு பலூனோடு ஓடியது. வலது பக்கம், பழைய பெயின்ட் கம்பெனியின் காம்பவுண்டு சுவரை ஒட்டி, அடர்த்தியாக ஒரு வரிசை மரங்கள். அவற்றின் நிழலில் யார் யாரோ சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பூங்காவை வடிவமைத்தவள் படத்துக்கு எதிரே நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"உட்காந்துதான் குடியேன், பூச்சி. நாற்காலி என்ன கடிக்கவா போகுது?" என்றாள் அக்கா.

பூச்சி என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் ஒரு இடத்தில் நிலைகொள்ளாமல் திரிந்ததற்காக வைத்தது. நாற்பது தாண்டியும் விடவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மேடம். இந்த ஒரு வீட்டில்தான் பூச்சி.

"பஸ்ல ரொம்ப நேரம் உட்காந்தே வந்தேன்க்கா."

"யாரு, நீயா? பஸ்லயும் கதவுகிட்ட நின்னுதான் வந்திருப்ப." அக்கா கரண்டியை நீட்டிப் படத்தைத் தொட்டாள். "இதைப் பார்த்துக்கிட்டேதான் தினமும் சமைக்கிறேன். உப்பு கூடிப்போகுதுன்னு உங்க மாமா சண்டை. ஆனா ஒண்ணு. மத்தது எல்லாத்தையும் விடு, நம்ம மரத்தை அப்படியே விட்டுட்டீங்க பாரு, அங்கதான் நீ நிக்கிற."

"எந்த மரம்?"

"எந்த மரமா? இதோ." கரண்டியின் முனை வலது பக்க வரிசையில் ஊர்ந்தது. "இது கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது. இது ரெண்டாப் பிரிஞ்சு நிக்கிறது. இந்தக் கிளை சுவத்துக்கு வெளியே தொங்குதுல்ல, இதுக்குக் கீழதான் என் மெஷின். என்னையும் மெஷினையும் போட மறந்துட்டாங்க. போகட்டும், மரத்தைப் போட்டாங்களே."

கோப்பை அவள் வாயருகே நின்றது. காபி ஆறும்வரை நின்றது.

அக்கா தொட்டுக் காட்டிய மரங்கள் எதுவும் தெருவில் இப்போது இருக்கும் மரங்கள் அல்ல. அவை இன்னும் நடப்படவே இல்லை. நர்சரியில் பிளாஸ்டிக் பைகளில் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கின்றன.

வரைபடத்தில் மரம் என்றால் ஒரு வட்டம். நடும்போது இருக்கிற அளவில் அந்த வட்டத்தை அவள் தொழிலில் யாரும் போடுவதில்லை. போட்டால் பேனா முனை பட்ட புள்ளி மாதிரித்தான் இருக்கும். முழுதாக வளர்ந்து, கிளை பரப்பி, பக்கத்து மரத்தோடு கைகோத்து நிற்கும்போது எவ்வளவு இடத்தை அடைக்குமோ அந்த அளவுக்கு வட்டம் போடுவார்கள். அதற்கு ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் ஆகும். மக்களுக்குக் காட்டுகிற வண்ணப் படமும் அப்படியே. எல்லா அலுவலகத்திலும் அதுதான் வழக்கம். இதில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. படத்தின் அடியில் "முதிர்நிலைத் தோற்றம்" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அக்காவின் படத்தில் அந்த இடத்தில்தான் எண்ணெய்க் கறை.

இப்போது சுவரோரம் இருப்பவை காட்டத்தி மரங்கள். கம்பெனி மூடிய பிறகு, பறவைகள் போட்ட விதையில் சுவருக்கு உள்பக்கம் தாமாகவே முளைத்தவை. யாரும் தண்ணீர் ஊற்றாமல், யாரும் கேட்காமல் வளர்ந்து, சுவரைத் தாண்டித் தெருவுக்குள் கவிந்திருந்தன. எதிரே வரிசையாக இருந்த பழைய தொழிலாளர் குடியிருப்புக்கு அதுதான் ஒரே நிழல். அக்கா அங்கேதான் தையல் மெஷின் போட்டிருந்தாள். வீட்டுக்குள் மெஷினைப் போட்டால் மனிதர்கள் வெளியே போகவேண்டியிருக்கும். அதனால் மெஷின் வெளியே போயிற்று. சக்கரம் வைத்த பலகையில் அதை ஏற்றி, நிழல் நகர நகரத் தள்ளிக்கொண்டு போவாள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு மரத்தடி அக்கா என்றே பெயர்.

அந்த மரங்கள் அத்தனையும் வெட்டப்படப்போகின்றன. கம்பெனி ஓடிய காலத்தில் காலி டிரம்களைச் சுவரோரமாகத்தான் அடுக்கினார்கள். இடத்திலேயே மோசமான மண் அங்கேதான் இருந்தது. அதைத் தோண்டி வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் அங்கேயும் அது விஷம்தான். எனவே அப்படியே வைத்து, மேலே களிமண், அதன்மேல் ஆள் இடுப்பளவு நல்ல மண் என்று மூடவேண்டும். அடிமரத்தை அவ்வளவு உயரத்துக்கு மண்ணால் மூடினால் எந்த மரமும் பிழைக்காது. "இருக்கும் மரங்கள் அகற்றப்படும்" என்று வரைபடத்தில் எழுதியது அவள்தான். எழுதும்போது மனம் ஏற்கெனவே புது மரங்களின் நிழலில் உலவிக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றாள்.

"ம்?"

"அந்த மரம்..."

"மரத்தடி அக்கா! கால்சட்டைக்கு ஜிப் மாத்திட்டீங்களா?" என்று வாசலில் ஒரு குரல்.

"வந்துட்டேன்!" அக்கா அடுப்பைத் தணித்தாள். போகிற போக்கில் தங்கையின் தோளில் தட்டினாள். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குத் தெருவே வருது. முதல்ல எல்லாரும் முறைச்சாங்க. பூங்கான்னு சொல்லி மரத்தை வெட்டிடுவாங்கன்னு ஒருத்தன் கிளப்பி விட்டான். நான் வீடு வீடாப் போய்ப் படத்தைக் காட்டினேன். என் தங்கச்சி போட்டது, அவ கை பொய் சொல்லாதுன்னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்கல."

அவள் ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

*

மறுநாள் அலுவலகத்தில், படம் போடுகிறவரின் மேஜைக்குப் பின்னால் போய் நின்றாள். அவரை எல்லோரும் மேகம் என்பார்கள். எந்த ஊர்ப் படமாக இருந்தாலும் வானத்தில் அதே மேகத்தைத்தான் வைப்பார். அந்தப் பலூன் குழந்தையும் அவருடைய பழைய குழந்தைதான்; ஒரு நூலகத்துக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கும் முன்னால் ஏற்கெனவே ஓடியிருக்கிறது.

"சுவரோர மரங்களை எப்படிப் போட்டீங்க?"

"எப்படின்னா? இடத்தோட போட்டோவை அடியில வெச்சு, மேல வேலை பண்ணேன் மேடம். சுவர்கிட்ட பழைய மரம் அழகா இருந்திச்சு. புது மரமும் வளர்ந்தா அந்த உயரந்தானே வரும்னு அதை அழிக்காம, இலையை மட்டும் கொஞ்சம் மாத்தினேன்." அவர் திரும்பிப் பார்த்தார். "ஏன், நல்லா இல்லையா?"

ஆக, அக்கா பார்த்தது சரிதான். கேட்டுக்குப் பக்கத்து மரம், இரண்டாகப் பிரிந்த மரம், வெளியே தொங்கும் கிளை. வெட்டப்போகிற மரத்துக்கே வேறு இலை மாட்டி, வரப்போகிற மரம் என்று நிற்கவைத்திருந்தார்கள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருவர் ஏமாற்றியிருந்தால் அவரைக் கோபித்துக்கொண்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

"முதல் வருஷப் படம் ஒண்ணு போடுங்க," என்றாள்.

"முதல் வருஷமா?"

"நட்ட அன்னைக்கு எப்படி இருக்குமோ அப்படி."

"குச்சி குச்சியா இருக்கும் மேடம். குச்சிக்கு யாரு கை தட்டுவாங்க?"

"தட்ட வேண்டாம். போடுங்க."

"மேகம் வைக்கலாமா?"

"வைங்க. அது ஒண்ணுதான் நிழல்."

இந்தப் பேச்சு அலுவலகத் தலைவரின் காதுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் அவருக்குப் பென்சில் என்று பெயர். அவர் வந்து, திரையில் உருவாகிக்கொண்டிருந்த பொட்டல்வெளியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"நாம எதையும் மறைக்கலையே. கீழ எழுதியிருக்கோம்."

"முதிர்நிலைத் தோற்றம்னா அவங்களுக்கு என்ன புரியும் சார்?"

"புரியலைன்னா கேட்கட்டும். கல்யாணப் படத்துல எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. அதுக்காக மறுநாள் காலைல முகம் கழுவாம இருக்கிற படத்தையும் சேர்த்து மாட்டுவாங்களா? இந்தக் கூட்டம் கவுந்தா அந்த இடத்துல குடோன் வரும். குடோனுக்கு மரமே வேண்டாம். அதை யோசிச்சீங்களா?"

யோசித்தாள். அன்று முழுவதும் அதையேதான் யோசித்தாள். பார்த்தால் பென்சில் சொல்வதில் தப்பே இல்லை. அதனால் மேஜையிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள், ஜன்னலிலிருந்து தண்ணீர்க் குடத்துக்கு, குடத்திலிருந்து மறுபடி மேஜைக்கு. மதியச் சாப்பாட்டை நின்றபடி, வரைபடத்தின் மேல் குனிந்து, என்ன தின்கிறோம் என்று தெரியாமல் தின்று முடித்தாள்.

அவள் இருபத்தைந்தாவது வருடத்தில் குடியிருந்து பழகியவள். வீட்டில் இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகள் இருந்தன. நல்ல அலமாரி ஒன்று செய்த பிறகு பிரிக்கலாம் என்று வைத்தவை. ஜன்னலுக்குத் திரை இல்லை. சுவருக்கு நிறம் மாற்றிய பிறகு போடலாம். அவளோடு சில வருடங்கள் வாழ்ந்து பார்த்தவன், சண்டை எதுவும் போடாமல், போகும்போது ஒன்றே ஒன்று சொன்னான்: "நீ எப்பவும் அடுத்த வருஷத்துலதான் இருக்க. நான் இந்த வருஷத்துல தனியா இருக்கேன்." அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. அக்கா மட்டும் அன்றும் இன்றும் இந்த வருடத்தில், இந்த மதியத்தில், இந்த நிழலில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், உன் இந்த மதியத்தை எடுத்துவிட்டு இருபத்தைந்து வருடம் கழித்துத் தருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கூட்டத்துக்கு முன்னால். அக்காவிடம் முதலில். அந்த வரிசை அவளுக்குத் தெளிவாகவே இருந்தது.

*

சனிக்கிழமை முற்பகல் போனாள். அக்கா மரத்தடியில் இருந்தாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கொடியில் முடித்த துணிகள் தொங்கின. இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சம் காசு காசாகத் துணிகளின் மேல் ஆடியது. நிழலின் இன்னொரு மூலையில் மாமா தன் மூன்று சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி மூடியதிலிருந்து அவர் அந்த வண்டியில்தான் சரக்கு ஏற்றி ஓட்டுகிறார்.

"வாங்க, பூங்கா ராணி!" என்றார் மாமா. "நான் கலர் கலக்கின இடத்துல புல்லு முளைக்க வைக்கப் போறீங்களாமே. எந்த கலர்ல முளைக்கும், பச்சையா நீலமா?"

"சும்மா இருங்க. வந்ததும் வராததுமா," என்று அதட்டிய அக்கா, எழுந்து, மெஷினுக்கு அடியிலிருந்து வெளிர்நீலத்தில் ஒரு மேல்சட்டையை உதறி எடுத்தாள். "நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறணும். மூணு நாளா ஒளிச்சு ஒளிச்சுத் தைச்சேன். நில்லு, தோளைப் பார்க்கிறேன்."

"அக்கா, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"பேசு. கையை மட்டும் தூக்கு."

அக்கா குண்டூசிகளை உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் கவ்விக்கொண்டு, சட்டையை அவள்மேல் மாட்டி, விலாப்புறத்தைப் பிடித்துச் சுருக்கினாள். வாயில் ஊசி இருக்கும்வரை அக்காவால் பேச முடியாது. கேட்கத்தான் முடியும். இதைவிட நல்ல நேரம் ஒன்றை யாரும் அமைத்துக் கொடுத்துவிட முடியாது. இப்போது சொன்னால் அக்காவால் கத்த முடியாது. ஒரு ஊசி, இன்னொரு ஊசி என்று குத்தி முடிக்கும்வரை கேட்டாகவேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்: மண், டிரம், களிமண், குச்சி.

அவள் வாயைத் திறந்தாள். அக்கா கண்ணை உயர்த்தி, சொல்லு என்பதுபோல் புருவத்தை அசைத்தாள். அந்தக் கண்ணில் இருந்தது பெருமை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாசலில் தங்கையின் பையை வாங்கிக்கொண்டு, அவள் வாங்கிய பரிசை எதிரே வருபவர்களுக்கெல்லாம் தானே காட்டிக்கொண்டு வந்த அதே கண்.

"நாளைக்கு... கொஞ்சம் சீக்கிரம் வந்துடுக்கா. முன்னாடி இடம் கிடைக்காது," என்றாள்.

"ம்ம்," என்றாள் அக்கா ஊசிகளுக்குப் பின்னால்.

தங்கை தலைக்கு மேலே பார்த்தாள். இரண்டாகப் பிரிந்த மரத்தின் கவட்டையில் யாரோ ஒரு பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கிளையில் அக்காவின் நூல்கண்டுப் பை. அவள் அந்த மரங்களை அளந்திருக்கிறாள், எண் கொடுத்திருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இந்தப் பக்கத்திலிருந்து இன்றுதான் அண்ணாந்து பார்த்தாள்.

*

பள்ளிக்கூட மண்டபத்தில் மின்விசிறிகள் காற்றைவிடச் சத்தத்தை அதிகம் தந்தன. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பி, "அதோ, நீலச் சட்டை, நான் தைச்சது," என்று யாரிடமோ சொன்னது மேடைவரை கேட்டது. அதிகாரி ஒருவர் வரவேற்றார். பென்சில் பேசினார். திரையில் பலூன் குழந்தை ஓடியது; எல்லோரும் கை தட்டினார்கள். "நம்ம மரம் பாரு, நம்ம மரம்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் முறை வந்தது. சட்டையின் கையோரத் தையலை விரலால் நெருடியபடி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். பென்சில் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே வேண்டாம் என்றார்.

"இப்ப பார்த்த படம் இன்னும் இருபத்தைந்து வருஷம் கழிச்சு வரப்போறது," என்றாள். "வேலை முடிஞ்ச அன்னைக்கு இப்படித்தான் இருக்கும்."

திரை மாறியது.

பொட்டல். சரிவெல்லாம் மண்; புல் அங்கங்கே தோலில் படர்ந்த படை மாதிரி. சுவரோரம், கட்டி நிறுத்திய குச்சிகள் ஒரு வரிசை. சுவர் மொட்டையாக, தன் நீளம் முழுவதையும் காட்டிக்கொண்டு நின்றது. மேலே ஒரே ஒரு மேகம்.

பின்வரிசையில் சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"நம்ம மரம் எங்க?" என்றார் யாரோ.

அவள் சொன்னாள். டிரம் அடுக்கிய இடம், அடியில் இருக்கும் மண், களிமண், அடிமரத்தை மூடினால் பிழைக்காது என்பது. எல்லாவற்றையும் எளிமையாக, ஒன்றன்பின் ஒன்றாக, அழகாகச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தலைகள் அவளைவிட்டுத் திரும்பின. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை வரிசையாக. எல்லோரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்கள். ஒலிவாங்கி முன்னால் நிற்பவளிடம் யாருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. வீடு வீடாக வந்து வாக்குக் கொடுத்தது அக்கா.

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது தெரிந்தது. மண்டபம் முழுக்க இருக்கிற முகங்களிடம் சொல்வது எளிதாக இருந்தது. ஒரே ஒரு முகத்திடம் சொல்லப் பயந்து, இத்தனை முகங்களையும் கூட்டி உட்காரவைத்திருந்தாள்.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகவில்லை, தொண்டையைச் செருமவில்லை.

"மேடம், ஒரு கேள்வி," என்றாள்.

மேடையில் நிற்பது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அந்த முதல் படத்தை எங்க தெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது யாரு மேடம்?"

"நான்தான்."

"இது இருக்கிற மரம் இல்லை, இனிமேதான் வரப்போற மரம்னு அப்ப சொன்னீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"உங்க கண்ணுக்கு அது இருக்கிற மரமாத் தெரியும்னு எனக்குத் தோணவே இல்லை."

"எங்களுக்குத் தோணலைன்னா எங்களை முட்டாள்னு சொல்லிடலாம். உங்களுக்குத் தோணலைன்னா என்னன்னு சொல்றது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "கேளுக்கா, கேளு," என்று ஒரு குரல் எழுந்தது. தலைகள் இப்போது மேடைப் பக்கம் திரும்பின. அவளுக்கு வியர்த்தது, நீலத் துணி முதுகில் ஒட்டியது.

"விஷ மண்ணை மூடுங்க. அதுல எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. என் வீட்டுக்காரர் அந்த மண்ணுல பாதி வாழ்க்கை நின்னவர். எந்தப் பக்கத்துல இருந்து மூட ஆரம்பிக்கிறீங்க?"

"கேட் பக்கத்துல இருந்து. சுவரோரம் முதல்ல."

"ஆத்துப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா என்ன?"

பென்சில் இருமினார். அவள் அவரைப் பார்த்தாள். முதன்முதல் வரைபடங்களில் ஒன்றில் அவளே ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருந்தாள். லாரி சுற்றிக்கொண்டு வரவேண்டும், அதற்குத் தற்காலிகப் பாதை ஒன்று போடவேண்டும் என்று அதைச் சுருட்டி மூலையில் வைத்தாயிற்று.

"முடியும்," என்றாள். "ஆனா தாமதமாகும்."

"யாருக்குத் தாமதம்? நாங்க எங்கேயும் போகலையே. இங்கேயேதான் இருக்கோம்."

இந்தமுறை நிறையப் பேர் சிரித்தார்கள். அதிகாரியும் குனிந்து சிரித்துக்கொண்டார்.

"அப்படின்னா..." அவள் திரும்பி, வெள்ளைப் பலகையில் கோடு போட ஆரம்பித்தாள். பேசுவதைவிடக் கோடு போடுவது கைவந்தது. "ஆத்துப் பக்கத்துல இருந்து மூடிக்கிட்டே வந்தா சுவருக்கு வந்து சேர மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்த மரங்களைத் தொட வேண்டாம். உள்பக்கம் யாரும் போகாம வேலி போட்டுடலாம். சுவருக்கு வெளியே தெருவோரத்து மண் நல்ல மண்தான், சோதனை பண்ணியிருக்கோம். சீக்கிரம் வளர்ற மரமா இப்பவே அங்க நட்டுடலாம். உள்ள வெட்டும்போது வெளியில ஓரளவு நிழல் வந்திருக்கும்."

"ஓரளவுன்னா?"

"இப்ப இருக்கிற மாதிரி இருக்காது. தெரு முழுக்க வராது. ஆளுங்க நெருக்கி உட்காரணும்."

"அதை அடுத்த படத்துல போட்டுக் காட்டுவீங்களா? நெருக்கி உட்காந்திருக்கிற மாதிரி?"

"போடுறேன்."

"அப்ப சரி, மேடம்," என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நீ எங்களை விட்டுக்கொடுக்கவில்லையே என்பதுபோல.

கூட்டம் கலைந்தபோது அவள் படிக்கட்டில் ஓடிப்போய் அக்காவைப் பிடித்தாள்.

"அக்கா, நான் உன்கிட்ட முதல்லயே சொல்லணும்னுதான்..."

"நாங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு எப்போ தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை. உன் சமையக்கட்டுல."

அக்கா தலையை மெல்ல ஆட்டினாள். "நேத்து என் வாய் நிறைய ஊசி இருந்திச்சு. அப்பவாவது சொல்லியிருக்கலாம்." பிறகு தங்கையின் தோளில் சட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். கை நீட்டவில்லை. "கிளம்புறேன் மேடம். வேலை கிடக்கு."

*

திட்டம் நிபந்தனைகளோடு தேறியது. பென்சில் ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்து, பிறகு தற்காலிகப் பாதைக்கு வளைவு போதாது என்று குறை சொல்வதற்காகப் பேச ஆரம்பித்தார். மேகம் புதிய படம் போட்டார். அதில் மரங்கள் எல்லாம் சுருங்கி, தெருவோரம் கசங்கிய குடை மாதிரி நிழல்கள். பலூன் குழந்தையை எடுத்துவிடச் சொன்னபோது, "அது பாவம் மேடம், எங்க போகும்?" என்று கேட்டார்.

அக்கா மட்டும் போனை எடுக்கவில்லை. மாமாதான் எடுப்பார். "இருக்கா. ஆனா இல்ல," என்பார். ஒருமுறை, "உப்பு இப்ப சரியா இருக்கு. அதுதான் பயமா இருக்கு," என்றார். அடுப்புக்கு மேலே இருந்த படத்தை எடுத்துவிட்டாளா என்று கேட்காமலேயே அவள் போனை வைத்துவிட்டாள்.

தெருவோரக் குழிகளுக்கு அடையாளம் வைக்கிற அன்று அவளே போனாள். யாரையாவது அனுப்பியிருக்கலாம், அனுப்பத் தோன்றவில்லை. கயிற்றைப் பிடித்து, முளைக்குச்சி அடித்து, சுற்றிலும் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். சிறிய வட்டங்கள். அவளுடைய தொழிலில் போட்டதிலேயே சிறியவை. வெயில் ஏறியது. குடியிருப்பு வாசல்களிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள். ஒருவர் வந்து, என் ஜன்னலை மறைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த குச்சி விழவேண்டிய இடத்தில் சக்கரப் பலகையும் அதன்மேல் மெஷினும் அதன் பின்னால் அக்காவும் இருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கணும்," என்றாள் அவள்.

அக்கா ஊசியிலிருந்து துணியை விடுவித்தாள். எழுந்து பலகையைத் தள்ளினாள், சக்கரம் கிறீச்சிட்டது. "போதுமா மேடம்?"

"போதும்."

குச்சி இறங்கியது. அக்கா அதையும் சுண்ணாம்பு வட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடும்போது எவ்வளவு உயரம் இருக்கும்?"

"என் இடுப்பு வரைக்கும்."

"ஆடு கடிச்சா?"

"கூண்டு வைக்கிறோம்."

"பசங்க கூண்டுல ஏறினா?"

"ஏறினா உடையும்."

"உடைஞ்சா?"

"மறுபடி நடணும்க்கா. வேற வழி இல்லை."

அக்காவின் வாயோரம் ஏதோ அசைந்து அடங்கியது. மெஷினுக்கு அடியிலிருந்து வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் முக்காலியைக் காலால் தள்ளி வெளியே விட்டாள். மறுபடி துணியை ஊசிக்கடியில் கொடுத்து மிதிக்க ஆரம்பித்தாள்.

அவள் முக்காலியைப் பார்த்தாள். இன்னும் பாதித் தெரு மிச்சம் இருந்தது. கயிறு கையில் இருந்தது. இதை முடித்துவிட்டு உட்காரலாம் என்று மனம் வழக்கம்போல் எழுந்து முன்னால் நடந்தது. உடம்பை மட்டும் பிடித்து, பலகையில் முழங்கால் இடிக்க உட்காரவைத்தாள்.

தலைக்கு மேலே காட்டத்தி இலைகள் சலசலத்தன. இவை போய்விடும். ஆற்றுப் பக்கம் முதல் லாரி வந்து மண் கொட்டுகிற ஓசை சுவரைத் தாண்டிக் கேட்டது. அங்கிருந்து இங்கே வந்து சேர எவ்வளவு காலம் என்று கணக்குப் போட மனம் துறுதுறுத்தது. போடவில்லை. வெளிச்சம் காசு காசாக முழங்காலில் ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிடவேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்திருந்தாள். மறுபடி எழுந்துவிடவேண்டும்போல் இருந்தது.

"காலை ஆட்டாத," என்றாள் அக்கா, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "பலகை ஆடுது. தையல் கோணுது."

அவள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து நிறுத்தினாள்.